லோரிக்கு ஒரு பகல் வேண்டும்

ராப் ஸோம்பி 2007-இல் எடுத்த 'ஹாலோவீன்' ரீமேக்கைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், திகில் பட ரசிகர்கள் உடனே இரண்டு கட்சியாகிவிடுவார்கள். ஒரு கட்சிக்கு அந்தப் படம் மன்னிக்க முடியாத குற்றம். ஜான் கார்பென்டர் 1978-இல் எடுத்த மூலப் படத்தில் முகமூடிக் கொலைகாரன் மைக்கேல் மயர்ஸ் ஏன் கொல்கிறான் என்று யாருக்கும் தெரியாது. அது தெரியாமல் இருப்பதில்தான் பயமே இருக்கிறது. அவனுக்குப் போய் ஒரு பாழாய்ப்போன வீட்டையும், பள்ளிக்கூடத்தில் சீண்டும் பையனையும், பாசமான ஓர் அம்மாவையும் கொடுத்து, ஊருக்கு ஒருவன் இருக்கும் சாதாரண சைக்கோவாக்கிவிட்டார் என்பது அவர்கள் ஆத்திரம். இன்னொரு கட்சியில் பெரும்பாலும் ரீமேக்கை முதலில் பார்த்தவர்கள். பழைய படத்தில் முக்கால் மணி நேரத்துக்கு ஒன்றுமே நடப்பதில்லை, புதுப் படத்தில்தான் மைக்கேல் ஓர் ஆளாகவே தெரிகிறான் என்பார்கள். விமர்சகர்கள் பெரும்பாலும் முதல் கட்சி. கல்லாப் பெட்டி இரண்டாவது கட்சி. சுமார் 1.5 கோடி டாலரில் எடுத்த படம் உலகம் முழுக்க 8 கோடி டாலர் வசூலித்தது. அமெரிக்காவில் தொழிலாளர் தின வார இறுதியில் அது வைத்த வசூல் சாதனையை 2021 வரை யாரும் தொடவில்லை. ஆக, ஓடாத படத்தைப் பற்றிய சண்டை இல்லை இது.

நான் முதல் கட்சிக்காரி. ஆனால் என் கட்சி சொல்லும் காரணம் எனக்கு என்றைக்குமே முழுசாக ஒட்டியதில்லை. விளக்கம் சொன்னதால் பயம் போய்விட்டது என்றால், விளக்கம் சொல்லியும் நடுங்க வைத்த படங்கள் எத்தனையோ இருக்கின்றனவே? அதிலும் ஃப்ளாஷ்பேக் இல்லாமல் வில்லனையே பார்த்துப் பழகாதவர்கள் நாம். கொலைகாரனுடைய சின்ன வயசுக் கதை நம்மை ஏன் உறுத்த வேண்டும்? அந்த ரீமேக்கில் ஏதோ ஒன்று குறைகிறது என்பது ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்குத் தெரியும். அது என்ன என்று சொல்லத்தான் வராது. போன தீபாவளி லீவுக்கு அக்கா மகள் பெங்களூரிலிருந்து வந்திருந்தபோது, இரண்டு படங்களையும் அடுத்தடுத்த ராத்திரிகளில் உட்கார்ந்து பார்த்தோம். அவள் இரண்டையுமே பார்த்ததில்லை. ரீமேக்கைத்தான் முதலில் போட்டோம். அது அவள் தேர்வு. அதற்கப்புறம்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

நல்ல பாதி

ரீமேக்கை வெறுப்பவர்கள்கூட ஒத்துக்கொள்ள வேண்டியது, அதன் முதல் பாதி உயிரோடு இருக்கிறது. பத்து வயது மைக்கேலாக வரும் டேக் ஃபேர்ச்சின் முகத்தில் குழந்தைத்தனமும் வெறுமையும் மாறி மாறி வந்து போகின்றன. அம்மாவாக ஷெரி மூன் ஸோம்பி. ராத்திரி கிளப்பில் ஆடைகளைக் களைந்து ஆடும் வேலை அவளுக்கு. வீட்டில் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வாய் ஓயாமல் ஏசும் ஓர் ஆள், மைக்கேலைப் பார்த்தாலே முகம் சுளிக்கும் அக்கா, தொட்டிலில் ஒரு குட்டித் தங்கை. காலை உணவு மேசையில் நடக்கும் அந்த முதல் சண்டையை நம்மால் நிம்மதியாக உட்கார்ந்து பார்க்க முடியாது. ஒவ்வொருவரும் அடுத்தவர் பேச்சுக்கு மேல் பேசுகிறார்கள், எல்லாம் கொச்சை, நடுவே அந்தப் பையனுடைய ஒரு சிரிப்பு. எலியைக் கொன்றுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தவன் அவன் என்பது நமக்கு மட்டும் தெரியும்.

அப்புறம் அந்த ஹாலோவீன் ராத்திரி. கோமாளி உடையைப் போட்டுக்கொண்டு, மிட்டாய் வாங்க வீடு வீடாகக் கூட்டிப்போக ஆள் இல்லாமல், தெருவோரம் தனியாக உட்கார்ந்திருக்கிறான். அதே நேரத்தில் கிளப்பில் அம்மா ஆடிக்கொண்டிருக்கிறாள். இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டி, பின்னால் நாசரத் குழுவின் 'லவ் ஹர்ட்ஸ்' பாட்டை ஓடவிட்டிருக்கிறார் ஸோம்பி. அடிப்படையில் அவர் ராக் பாடகர். எந்தப் பாட்டை எங்கே வைத்தால் நெஞ்சில் இறங்கும் என்பது அவருக்குத் தெரியும். அக்கா மகள் அந்த இடத்தில் போனைக் கீழே வைத்துவிட்டாள். "ஐயோ, யாராவது அவனைக் கூட்டிட்டுப் போங்களேன்" என்றாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பையன் வீட்டுக்குள் போய் என்ன செய்யப்போகிறான் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தும் வாய்விட்டுச் சொன்னாள். ஒரு படத்துக்கு இதைவிடப் பெரிய வெற்றி வேண்டியதில்லை.

அந்த ராத்திரிக் கொலைகளுக்காக அவனை அடைத்துவைக்கும் மனநல விடுதிக் காட்சிகளும் அப்படித்தான். மூலப் படத்தில் டொனால்ட் பிளெசன்ஸ் நடித்த, மைக்கேலின் மனநல மருத்துவர் லூமிஸ் வேடத்தில் இங்கே மால்கம் மெக்டவல். வாரம் தவறாமல் பார்க்க வரும் அம்மா, காகிதக்கூழில் முகமூடி முகமூடியாகச் செய்து அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் மகன், மெல்ல மெல்லப் பேச்சே நின்றுபோவது. ஒருநாள் அவன் சாப்பாட்டு முள்கரண்டியால் நர்ஸைக் குத்திக் கொன்றுவிட, அம்மா வீட்டுக்குப் போய்ப் பழைய வீட்டு வீடியோவைப் போட்டுப் பார்த்துக்கொண்டே தன்னைச் சுட்டுக்கொள்கிறாள். இதையெல்லாம் பார்த்துவிட்டு, "மைக்கேலை விளக்கிவிட்டார்கள்" என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுவது நியாயமில்லை. சொல்லப்போனால் படமே அந்த விளக்கத்தை ஓரிடத்தில் போட்டு உடைக்கிறது. விடுதியில் மைக்கேலிடம் அன்பாக நடந்துகொண்ட ஒரே ஊழியர் டேனி ட்ரேஹோ நடித்த இஸ்மாயேல் க்ரூஸ். தப்பிக்கும் ராத்திரி மைக்கேல் அவரையும் தண்ணீரில் அமுக்கி, தலையில் டிவியைப் போட்டுக் கொல்கிறான். "நான் உனக்கு நல்லதுதானே செய்தேன்" என்று கத்துகிறார் அந்த மனிதர். கெட்டவர்கள் கொடுமை செய்ததால்தான் கொலைகாரனானான் என்ற கணக்கு அந்த இடத்தில் செல்லாமல் போகிறது. என் கட்சிக்காரர்கள் இந்தக் காட்சியை ஏன் மறந்துவிடுகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

"இதில் ஹீரோயின் யார் சித்தி?"

பதினைந்து வருஷம் தாண்டிக் கதை மைக்கேலின் ஊரான ஹேடன்ஃபீல்டுக்கு வருகிறது. படம் பாதியை நெருங்கும்போதுதான் பள்ளி மாணவி லோரி ஸ்ட்ரோட் திரைக்கு வருகிறாள். ஸ்கௌட் டெய்லர் காம்ப்டன் கலகலவென்றுதான் நடித்திருக்கிறார். ஆனால் இங்கிருந்து ஸோம்பிக்கு அவசரம். மூலப் படம் ஒன்றரை மணி நேரத்தில் சொன்னதை மிச்சமிருக்கும் நேரத்துக்குள் சொல்லி முடித்தாக வேண்டும். தோழிகள் வருகிறார்கள், பேசுகிறார்கள், பிரிகிறார்கள், சாகத் தொடங்குகிறார்கள். மூன்று பெண்கள் நடந்து வரும் காட்சியில் அக்கா மகள் கேட்டாள்: "இதில் ஹீரோயின் யார் சித்தி?" கண்ணாடி போட்டவள் என்றேன். "ஓ" என்றாள், அவ்வளவுதான்.

பிறகு அந்தக் கடைசிப் பகுதி. மைக்கேல் லோரியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாழடைந்த தன் பழைய வீட்டில் வைக்கிறான். வளர்ந்த மைக்கேலாக வரும் டைலர் மேன் ஆறே முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைந்த உயரம், மல்யுத்தம் செய்த உடம்பு. அந்தப் பெரிய உருவம் அவள் முன்னால் மண்டி போடுகிறது. ஒரு பழைய போட்டோவை நீட்டுகிறது. சிறுவன் மைக்கேல் மடியில் கைக்குழந்தையோடு இருக்கும் படம். அந்தக் குழந்தை அவள்தான். அது அவளுக்குத் தெரியாது. தான் தத்துப்பிள்ளை என்பதுகூடத் தெரியாது. அவன் முகமூடியைக் கழற்றுகிறான். அவள் கையில் கிடைத்த கத்தியால் குத்திவிட்டு ஓடுகிறாள்.

"பாவம் சித்தி. அவளுக்குத் தெரியலையே" என்றாள் அக்கா மகள். குரல் கம்மியிருந்தது. எனக்கும் அதே நேரத்தில் தொண்டை அடைத்தது உண்மை. படத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, "யாரு பாவம்?" என்று கேட்டேன். "மைக்கேல்தான்" என்றாள், இதில் என்ன சந்தேகம் என்கிற மாதிரி.

அந்த நிமிஷத்துக்கு முன்னால் நடந்ததைக் கொஞ்சம் எண்ணிப்பார்க்க வேண்டும். லோரியை வளர்த்த அப்பாவும் அம்மாவும் அன்று சாயங்காலம்தான் அவன் கையால் செத்துக் கிடக்கிறார்கள். அம்மாவாக நடித்தவர் டீ வாலஸ். இரண்டே காட்சியில் அவ்வளவு பிரியமான ஓர் அம்மாவைக் கொண்டுவந்திருந்தார். தோழி லிண்டா செத்தாள். இன்னொரு தோழி ஆனி ரத்த வெள்ளத்தில் கிடக்கிறாள். பதினேழு வயசுப் பெண் ஒருத்தி, ஒரு ராத்திரிக்குள் எல்லாரையும் இழந்துவிட்டு, இழக்க வைத்தவன் முன்னால் நடுங்கிக்கொண்டு நிற்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றியது, ஐயோ அவன் நீட்டும் போட்டோவை அவள் புரிந்துகொள்ளவில்லையே என்பதுதான். எங்களில் யாருக்கும் கல் மனசு இல்லை. படம் எங்களை அந்த இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தது. ஒரு மணி நேரம் மைக்கேலோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். லோரியோடு ஒரு வாய் காப்பி குடிக்கும் நேரம்கூட இருக்கவில்லை. பரிதாபம் பழகியவர் பக்கம்தானே போகும்?

இத்தனை வருஷமாக என்னை உறுத்திக்கொண்டிருந்தது இதுதான் என்று அப்போது தெரிந்தது. மைக்கேலுடைய மர்மம் போனதைப் பற்றி எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. அவனுக்கு ஒரு குழந்தைப் பருவத்தைக் கொடுப்பதற்காக அந்தப் பெண்களிடமிருந்து ஒரு பகல் முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள். என் வருத்தம் அதற்காகத்தான்.

டெப்ரா ஹில் எழுதிய பகல்

மறுநாள் ராத்திரி 1978 படம். அதில் முதல் கொலை முடிந்து, மைக்கேல் தப்பித்து, ஊருக்கு வந்தபின் என்ன நடக்கிறது? லோரி பள்ளிக்குக் கிளம்புகிறாள். வீடு விற்றுக் கொடுக்கும் தொழில் செய்யும் அப்பா, போகும் வழியில் மயர்ஸ் வீட்டில் சாவியை வைத்துவிட்டுப் போ என்கிறார். அவள் பார்த்துக்கொள்ளும் குட்டிப் பையன் டாமி, அந்த வீட்டுக்குப் போகாதே, அது பேய் வீடு என்று தடுக்கிறான். அவள் சிரித்துக்கொண்டே படியேறிச் சாவியை வைக்கிறாள். கதவுக்கு அந்தப் பக்கம் இருட்டில் ஒரு தோள். பிறகு அவள் தனக்குத்தானே ஏதோ பாடிக்கொண்டு நடைபாதையில் தூரமாகப் போய்க்கொண்டே இருக்கிறாள். நாம் அந்தத் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறோம். வகுப்பில் விதியைப் பற்றிப் பாடம் நடக்கிறது, ஜன்னலுக்கு வெளியே ஒரு கார் நிற்கிறது. பள்ளி விட்டு வரும்போது கெமிஸ்ட்ரி புத்தகத்தை மறந்துவிட்டதாகப் புலம்புகிறாள். லிண்டா புத்தகமே தேவையில்லை என்கிறாள். ஆனிக்கு வாய்த்துடுக்கு, கடந்து போகும் காரைப் பார்த்துக் கத்துகிறாள். வேலிச் செடிக்குப் பின்னால் யாரோ நின்றதாக லோரி சொல்ல, ஆனி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு யாரும் இல்லை என்று கேலி செய்கிறாள். சாயங்காலம் காரில் போகும்போது லோரிக்கு பென் டிரேமர் என்ற பையனைப் பிடிக்கும் என்பது வெளியே வருகிறது. அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

அக்கா மகள் முதலில் நெளிந்தாள். "எப்ப சித்தி ஆரம்பிக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ரீமேக் ரசிகர்கள் சொல்லும் அதே குறைதான்: ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் நடந்துகொண்டுதான் இருக்கிறது. மூன்று பெண்களில் யார் யாரைக் கிண்டல் செய்வாள், யாருக்கு எதில் பயம், யார் யாருக்காகப் பொய் சொல்வாள் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. இந்தப் படத்தைக் கார்பென்டர் படம் என்றே எல்லாரும் சொல்கிறார்கள். திரைக்கதையில் பாதி டெப்ரா ஹில்லுடையது, தயாரித்ததும் அவர்தான். பெண்கள் பேசும் வசனங்களில் பெரும்பகுதியை எழுதியவர் அவர். கதை நடக்கும் ஊருக்குப் பெயரே, அவர் பிறந்த நியூ ஜெர்சி ஊரான ஹேடன்ஃபீல்டிலிருந்து வந்தது. படத்தில் அதை இல்லினாய்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். பயமுறுத்துவது கார்பென்டர் என்றால், யாருக்காகப் பயப்படுகிறோமோ அவர்களை உண்டாக்கியவர் ஹில். 2005-இல் அவர் காலமானார். ரீமேக்கில் முகமூடி இருக்கிறது, இசை இருக்கிறது, ஊர்ப் பெயரும் இருக்கிறது. ஹில் எழுதிய அந்தப் பகல் மட்டும் இல்லை.

அந்தப் பகலை எடுக்கப் பணமும் பெரிதாக ஆகியிருக்காது. மொத்தப் படத்துக்கே சுமார் 3 லட்சம் டாலர்தான், இருபது நாள் சொச்சம் படப்பிடிப்பு. கலிஃபோர்னியாவின் தெற்கு பாசடீனாவில் வசந்த காலத்தில் எடுத்துவிட்டு, இலையுதிர் காலம் என்று காட்டச் சாயம் பூசிய இலைகளைத் தெருவில் கொட்டி, காட்சி முடிந்ததும் வாரி மூட்டை கட்டி அடுத்த தெருவில் மறுபடி கொட்டினார்கள். முகமூடி, இரண்டு டாலருக்கும் குறைவாகக் கடையில் வாங்கிய, 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கேப்டன் கிர்க் முகமூடிக்கு வெள்ளையடித்தது. இசையைக் கார்பென்டரே மூன்று நாளில் போட்டார், ஐந்து தட்டுத் தாளத்தில். அந்தத் தாளத்தைச் சின்ன வயசில் அப்பா அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். இசை சேர்க்காத படத்தை ஒரு ஸ்டூடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டியபோது அந்த அம்மாவுக்குக் கொஞ்சமும் பயம் வரவில்லையாம். எனக்கு இதைப் படித்ததும் தோன்றியது, இசை இல்லாமல் பார்த்தால் அது மூன்று பெண்கள் பள்ளி விட்டு வீட்டுக்குப் போகும் படமாகவே இருந்திருக்கும். அப்படி ஒரு படம் அடியில் இருப்பதால்தான் மேலே அந்தப் பியானோ விழும்போது நமக்கு வயிற்றைப் பிசைகிறது.

ஒரு காட்சியை மட்டும் சொல்லியாக வேண்டும். லோரி தன் அறைக்கு வந்து ஜன்னல் வழியாகக் கீழே பார்க்கிறாள். பின்பக்க முற்றத்தில் துணிக்கொடி. வெள்ளை விரிப்புகள் காற்றில் ஆடுகின்றன. நடுவே அவன் நிற்கிறான், அவளையே பார்த்துக்கொண்டு. நல்ல வெயில். மறுபடி பார்த்தால் விரிப்புகள் மட்டும். கத்தி இல்லை, ரத்தம் இல்லை, அலறல் இல்லை. அவள் ஜன்னலைச் சாத்துகிறாள், போன் அடிக்கிறது. அக்கா மகள் அதற்கு மேல் "எப்ப ஆரம்பிக்கும்" என்று கேட்கவில்லை. படம் முடிந்தபின் மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த துணியை எடுத்து வர என்னையும் கூட வரச் சொன்னாள். முந்தின ராத்திரி, அத்தனை கொலை பார்த்துவிட்டு அடித்துப் போட்ட மாதிரி தூங்கியவள் அவள்.

ரத்தம் என்று பார்த்தால் பழைய படத்தில் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆனால் லோரி தெருவில் ஓடி வரும் இடம் ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கதவைப் போட்டுத் தட்டுகிறாள், காப்பாற்றுங்கள் என்று கதறுகிறாள். வாசல் விளக்கு எரிகிறது. ஜன்னல் மறைப்பை விலக்கி யாரோ பார்க்கிறார்கள். மறைப்பு மூடுகிறது. விளக்கு அணைகிறது. அவ்வளவுதான், சில வினாடி. எனக்கு மைக்கேலைவிட அந்த வீட்டுக்காரர்கள் பெரிய பயம். காலையிலிருந்து அவளோடு நடந்து வந்திருக்கிறோம், அவள் எப்படிப்பட்ட பெண் என்று நமக்குத் தெரியும், எத்தனை வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் அவள் என்றும் தெரியும். அதனால்தான் அந்த விளக்கு அணையும்போது நமக்குக் கோபம் வருகிறது. லோரி யாரென்றே தெரியாதிருந்தால், அது இன்னொரு துரத்தல் காட்சியில் வந்துபோகும் ஒரு விளக்கு.

கொலைகாரன் கதையும் செத்தவர்கள் கதையும்

ஃப்ளாஷ்பேக் வைத்தாலே கெட்டுவிடும் என்று நான் நினைக்காததற்குக் காரணம் நம்மூர்ப் படம் ஒன்று. அதே 1978 அக்டோபரில்தான் பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' இங்கே வந்தது. கமல்ஹாசன் பெண்களைக் கொல்பவர், ரோஜாத் தோட்டத்துக்கு அடியில் பிணங்கள். அவன் ஏன் அப்படியானான் என்பதற்குச் சின்ன வயசுக் கதை விரிவாகவே வருகிறது. அந்த விளக்கம் இன்றைக்குப் பார்த்தால் பெண்களுக்கு நியாயம் செய்யாத விளக்கம். எனக்கு அதில் சண்டை உண்டு. ஆனால் பயம் குறைவதில்லை. ஏனென்றால் அதற்கு முன்னாலேயே ஸ்ரீதேவியோடு நாம் நிறையப் பழகிவிட்டோம். அவள் வேலை செய்யும் கடை, அவளுடைய தயக்கம், காதல், கல்யாணம், புதுப் பெண்ணாக அந்தப் பெரிய வீட்டுக்குள் வந்து நுழைவது எல்லாவற்றிலும் கூடவே இருந்திருக்கிறோம். ஐயோ, இந்தப் பெண் இங்கே மாட்டிக்கொண்டாளே என்ற பதைப்பு முதலில் வந்துவிடுகிறது. அவன் கதை அதன் மேல்தான் வந்து சேர்கிறது. ஸோம்பி இதைத் தலைகீழாகச் செய்தார். அவன் கதை முதலில், முழுசாக. அவள் பிறகு, மிச்சமிருந்தால்.

இதே கோளாறு அந்தக் காலத்து மற்ற ரீமேக்குகளிலும் உண்டு. 1974-இல் கனடாவில் எடுத்த 'பிளாக் கிறிஸ்துமஸ்' படத்தில் கொலைகாரன் போனில் வரும் ஒரு குரல், கதவிடுக்கில் தெரியும் ஒரு கண், அவ்வளவுதான். விடுதிப் பெண்களோ ஒவ்வொருவரும் தனித்தனி ஆள். 2006 ரீமேக்கில் அவனுக்குக் கொடுமைக்கார அம்மாவும் நீண்ட கதையும் வந்தன. விடுதிப் பெண்களில் யார் எவர் என்று படம் முடிந்த பிறகு எனக்கு நினைவில்லை.

கார்பென்டரே 2016-இல் மாணவர்கள் மத்தியில் பேசும்போது ஸோம்பி படத்தைக் குறை சொன்னார். மைக்கேலைப் பற்றி அளவுக்கு மேல் விளக்கி மர்மத்தைப் போக்கிவிட்டார், அவன் இயற்கைச் சக்தி மாதிரி இருக்க வேண்டியவன் என்பது அவர் கருத்து. ஆள் ரொம்பப் பெரிசாக இருக்கிறான் என்றும் சொன்னார். என் கட்சிக்காரர்களுக்கு அது வேதவாக்கு. அவர்மேல் எனக்கு எவ்வளவு மரியாதை இருந்தாலும் இந்த வாதம் போதாது என்றுதான் நினைக்கிறேன். அவரும் மைக்கேலைப் பற்றித்தான் பேசுகிறார். ரீமேக் செய்த ஸோம்பிக்கும் மைக்கேல்தான் முக்கியம், மூலத்தை எடுத்தவருக்கும் மைக்கேல்தான் முக்கியம், சண்டை போடும் ரசிகர்கள் இரண்டு பக்கமும் மைக்கேலைத்தான் பிடித்து இழுக்கிறார்கள். ஆனியைப் பற்றி யாரும் பேசவில்லை. லிண்டாவைப் பற்றிப் பேசவே இல்லை.

செய்தியிலும் இதைப் பார்க்கிறோம். ஒரு கொடூரமான கொலை நடந்துவிட்டால், மறுவாரம் கொலைகாரனின் பள்ளிக்கூட போட்டோ வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர், "அமைதியான பையன் சார்" என்பார். அவன் அப்பா எப்படி, அம்மா எப்படி, எந்த வயசில் மாறினான் என்று பக்கம் பக்கமாக வரும். நானும் படிக்கிறேன், தெரிந்துகொள்ளத்தான் தோன்றுகிறது, அதில் தப்பும் இல்லை. ஆனால் செத்துப்போன பெண்ணுக்குக் கிடைப்பது வயசும் ஊரும் ஒரு பாஸ்போர்ட் சைஸ் படமும். அவளுக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும், யாரைக் கிண்டல் செய்வாள், அன்றைக்குக் காலையில் எந்தப் புத்தகத்தை மறந்துவிட்டுப் போனாள் என்று எழுதுகிறவர்கள் அபூர்வம். கார்பென்டரும் ஹில்லும் தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, சாகப்போகிற பெண்களின் கடைசிப் பகலை அவ்வளவு பொறுமையாக எழுதியிருக்கிறார்கள். ஸ்லாஷர் படம் என்றால் பெண்களை வரிசையாக வெட்டுவது என்று சொல்பவர்களிடம் நான் எப்போதும் காட்டுவது அந்தப் பகலைத்தான்.

ஸோம்பிக்கு இது தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. 2009-இல் அவர் எடுத்த 'ஹாலோவீன் 2' பல இடங்களில் தறிகெட்டுப் போகும் படம். வெள்ளைக் குதிரையும் அம்மாவின் ஆவியும் எனக்கு இன்னும் ஒட்டவில்லை. ஆனால் அதில் உயிர் பிழைத்த லோரி, ஆனியின் வீட்டில், ஆனியோடும் அவள் அப்பாவோடும் இருக்கிறாள். மூன்று பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், பீட்ஸாவைப் பற்றியும் காய்கறியைப் பற்றியும் பேசுகிறார்கள். ஆனியாக நடித்த டேனியல் ஹாரிஸ், பழைய தொடரின் நான்காம் ஐந்தாம் படங்களில் சிறுமியாக நடித்தவர். இந்த முறை மைக்கேல் வந்து ஆனியைக் கொல்வதில் பெரும்பகுதியை ஸோம்பி காட்டவே இல்லை. காட்டுவது, ஷெரிஃபாக இருக்கும் அவள் அப்பா வீட்டுக்கு வந்து அவளைப் பார்ப்பதை. பிராட் டூரிஃப் அந்த இடத்தில் நடித்திருப்பதை நடிப்பு என்று சொல்லவே மனசு வரவில்லை. முதல் படத்தில் ஆனி குற்றுயிராகக் கிடந்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதில் நான் அழுதேன்.

அக்கா மகள் இன்னும் ரீமேக் கட்சிதான். மைக்கேலுக்காகத் தனக்கு வந்த அழுகை பொய்யில்லை என்கிறாள், நானும் பொய்யென்று சொல்லவில்லை. பொங்கலுக்கு வரும்போது 2009 படத்தைப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். குதிரை வரும்போதெல்லாம் என்ன செய்வாளோ தெரியாது; அந்த அப்பா வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மட்டும் அவள் போனை வாங்கி வைத்துக்கொள்ளப் போகிறேன்.